வலப்பக்கம் நகர்ந்த மெடல்கள்

சத்தியமாகச் சொல்கிறேன், இது நடந்தது. எங்கள் சால், அந்த வரிசை வீட்டுக் குடியிருப்பு முழுக்கச் சாட்சி இருக்கிறது. பிரம்மநாயகம் விட்ட மற்ற கதைகளுக்குத்தான் சாட்சி கிடையாது.

தாராவியில் அவனைப் போல ஒரு புளுகன் முன்னும் பிறக்கவில்லை, பின்னும் பிறக்கவில்லை. தோல் கிட்டங்கியில் எடை போடுகிற வேலை. வாயைத் திறந்தால் உலக யுத்தம். சண்டைக் கப்பலில் ஸ்டோக்கராம். பாய்லருக்குக் கரி வாரிப் போட்டே ஜப்பான்காரனை விரட்டினானாம். அந்தக் கையா? அடுப்புக்கரி பட்டாலே அரை சோப்பைக் கரைக்கிற கை! சோர் பஜாரில் ஓட்டைப் பித்தளைகளுக்கு நடுவே கிடந்த மூன்று மெடல்களைப் பேரம் பேசி வாங்கியதுதான் அவன் செய்த ஒரே யுத்தம்.

அறுபத்தைந்தாம் வருஷம், சுதந்திர தினத்துக்குக் கொடியேற்ற இந்த மகாவீரனைத்தான் கூப்பிட்டார்கள். அவன் மகளைப் பெண் கேட்டிருந்த செம்பூர்க்காரர்களும் வருகிறார்கள். பட்டாளத்துக் குடும்பம் என்று நம்பி வருகிறவர்கள். இன்று மானம் போனால் சம்பந்தமும் போச்சு.

காலையில் நல்ல மழை. வெள்ளைச் சட்டையில் இடப்பக்கம் மெடல்களைக் குத்தி, ஆணியில் மாட்டினான். முகம் கழுவி வந்தான். மெடல்கள் வலப்பக்கம் இருந்தன.

"ஏட்டி பேராச்சி, சட்டையத் தொட்டியா?"

"எனக்கு வேற சோலி இல்லியாக்கும்!"

பெண்டாட்டி அடுப்படியை விட்டு நகரவே இல்லை. மாற்றிக் குத்தினான். தலை சீவித் திரும்பினான்.

வலப்பக்கம்.

வெள்ளைத் துணியில் கரி படிந்த ஐந்து விரல்...

வேறு சட்டை. இடப்பக்கம். ஓடினான்.

மூங்கில் கம்பத்தடியில் நின்று ஆரம்பித்தான். "நான் கரி வாரிப் போட்ட பாய்லர்ல..."

டங்!

இரும்புக் கதவில் கரி வாரும் ஷவல் மோதுகிற சத்தம். சுற்றிலும் இரும்பே இல்லை. கரிப்புகை நாற்றம். சம்பந்தியம்மாள் மூக்கைப் பொத்தினாள். அவன் குனிந்து பார்த்தான்...

வலப்பக்கம்.

டீக்கடை ஜெயினுலாப்தீன் பக்கத்தில் வந்தார். நிஜமாகவே கப்பலில் கரி வாரியவர். காதோரம் சொன்னார்.

"ஓய், சம்பாதிச்சவன் மெடல இடப்பக்கம் குத்துவான். அவன் செத்துட்டா, வீட்டுக்காரங்க வலப்பக்கம் குத்துவாங்க. சரியாத்தான் குத்தியிருக்கீரு. செத்தது யாரு?"

கொடி ஏறவில்லை. வீரன் ஓடினான்! செம்பூர்க்காரர்கள் குடையை விரித்தார்கள்.

மாகிம் உப்பங்கழியில் மூன்றையும் வீசினான். மூழ்குகிறவரை நின்று பார்த்தான். திரும்பினான்.

வீட்டு வாசலில் பேராச்சி.

"ஒங்க கப்பல் கூட்டாளி வந்துட்டு இப்பந்தான் போறாரு. மூஞ்சியெல்லாம் கரி. சட்டையில சேத்துத் தண்ணி சொட்டுது..."

"என்ன... கேட்டான்?"

"அவரு டூட்டி முடிஞ்சிட்டாம். அடுத்த டூட்டி ஒங்களுக்காம். எப்ப வாறீகன்னு கேட்டாரு."

"மெடல்...?"

"மூணு போட்டிருந்தாரு."

"எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம்."