இன்னாசியம்மாள் கேட்கும் ஒரே கேள்வி

"சரி, அதுக்கு முன்னாடி?"

கரண்டியால் மாவை மொண்டு தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டே கேட்கிறாள் இன்னாசியம்மாள். எதிரே நிற்கிற பெண், கோயில் பாடகர் குழுவில் தன்னை மைக்கிலிருந்து தள்ளி நிறுத்திவிட்டார்கள் என்று பொரிந்துகொண்டிருக்கிறாள்.

"அதுக்கு முன்னாடி ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாமலா ஒதுக்குவாக? அதுக்கு முன்னாடி?"

இன்னும் ஒரு கரண்டி. கல்யாணப் பத்திரிகையைத் தான் ஒரு வீட்டுக்குக் கொடுக்காமல் விட்ட கதை மெல்ல வெளியே வருகிறது. வாளியை மூடிக் கொடுக்கிறாள் இன்னாசியம்மாள். "பாத்தியா? மைக்கு என்ன பாவம் செஞ்சுச்சு?"

காரைக்குடியில் எங்கள் மாதா கோயில் தெருமுனையில் இருக்கிறது அந்த மாவுக்கடை. இரண்டு கிரைண்டர், ஒரு பழைய பிரிட்ஜ், நனைந்தே கிடக்கும் சிமெண்டுத் தரை. யார் பேசினாலும் அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கமாட்டாள். மரியாதைக் குறைவு என்று நானே ஒருநாள் கண்டித்திருக்கிறேன். "மூஞ்சியப் பாத்தா பொய் சொல்லத் தோணும்ணே. மாவப் பாத்துக்கிட்டே கேட்டா எல்லாத்தையும் கொட்டிருவாக" என்றாள். சமாதானம் செய்து வைப்பதில் பாதி, வம்பு கேட்கிற ஆசைதான். அதையும் அவளே சொல்லிச் சிரிப்பாள். கேட்டதை அடுத்த ஆளிடம் சொல்லாமல் இருப்பதற்குள் அவள் படுகிற பாடு தனிக்கதை.

நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். லாரியிலிருந்து சிமெண்டு மூட்டை இறக்கியவன், இன்று சிமெண்டும் கம்பியும் விற்கிறேன். அரியக்குடி ரோட்டில் புதிதாக எழும்பியிருக்கிற வீடுகளில் பாதி என் கடைக் கம்பியில்தான் நிற்கிறது. தெருவில் சண்டை வந்தால் என் பஞ்சாயத்து ஐந்து நிமிடத்தில் முடியும். இவளுடையது ஐந்து நாள் இழுக்கும். ஆனால் நான் தீர்த்து வைத்தவர்கள் மறு மாதமே திரும்பி வருகிறார்கள். இவள் தீர்த்து வைத்தவர்கள் வருவதில்லை. அது ஏன் என்று விசிறிச் சண்டையில்தான் விளங்கியது.

கோயிலில் பெண்கள் பக்கம் ஒரு மின்விசிறி. சளி என்று தையல்காரி புஷ்பராணி அதை நிறுத்தினாள். வேர்க்கிறது என்று அவள் பக்கத்து வீட்டு அற்புதம் போட்டாள். நிறுத்தினாள், போட்டாள். பூசை முடிந்ததும் வாசலில் வெடித்தது.

"சளி புடிச்சவ வீட்டுல கெடக்க வேண்டியதுதான?" இது அற்புதம்.

"ஏன், ஒங்க மகன் துபாய்லேருந்து அனுப்புன காத்தா இது?" இது புஷ்பராணி.

அடுத்த ஞாயிறு புஷ்பராணி வரவில்லை. ரயில்பாதைக்கு அங்குட்டு இருக்கிற வேறொரு சபையின் ஜெப வீட்டுக்குப் போகத் தொடங்கிவிட்டாள் என்று சேதி வந்தது. அவள் மகளுக்கு வருகிற திருவிழாவில் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். அந்தப் பிள்ளையை ஞானஸ்நானத்தில் ஏந்திய ஞானத்தாய் இன்னாசியம்மாள். தாய் போனால் பிள்ளையும் போகும். அந்த வாரம் முழுக்க மாவில் உப்பு கூடுதலாகவே இருந்தது.

நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை. ஒரே நாளில் இரண்டு புது விசிறி வாங்கி, இறக்கையில் உபயம் என்று என் பெயரையும் எழுதி மாட்டிவிட்டேன். சளிக்காரிக்கு ஒரு சுவிட்சு, வேர்க்கிறவளுக்கு ஒரு சுவிட்சு. அப்போதும் புஷ்பராணி வரவில்லை.

"நல்லாத்தான் சுத்துதுண்ணே," என்றாள் இன்னாசியம்மாள். "ஆனா அவ காத்துக்கா சண்ட போட்டா?"

அன்று சாயங்காலம் நான் மாவுக்கடையில் இருக்கும்போதே அற்புதம் மாவு வாங்க வந்தாள். வழக்கமான கேள்வி தொடங்கியது.

"விசிறிக்கு முன்னாடி?"

"அதுக்கு முந்தியே மூஞ்சியத் திருப்பிக்கிட்டாளேக்கா. எங்க வீட்டுல அன்பியம் வச்ச நாள்லேருந்து."

வாரம் ஒரு வீடாகத் தெருக்காரர்கள் கூடி ஜெபிப்பதைத்தான் அன்பியம் என்போம். அடுத்து யார் வீடு என்று சொல்வது தலைவி இன்னாசியம்மாள்.

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி என்ன? அந்த வாரம் அவ வீட்டு முறை. நீங்கதான வந்து, ஒங்க வீட்டுல வச்சுக்கிருவம்னு சொன்னீக!"

கரண்டி நின்றது. மாவு வாளிக்கு வெளியே வழிந்தது. இன்னாசியம்மாள் நிமிர்ந்து அற்புதத்தின் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்களும் கூட வாங்கண்ணே. தனியாப் போனா கதவச் சாத்திருவா" என்று கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் கிளம்பினாள். என் முகத்துக்கு நேரே இந்த ஊரில் எவரும் கதவைச் சாத்தியதில்லை. போனேன்.

புஷ்பராணி தையல் மிஷினைவிட்டு எழவில்லை. "என்ன, மாவு மிஞ்சிப்போச்சா? இங்குட்டு வந்திருக்கீக."

"ஒன் வீட்டத் தாண்டச் சொன்னது அற்புதம் இல்லடி. நான்."

மிஷின் நின்றது. "ஏன்?"

"அவரு போயி வருசம் திரும்பல. ஒத்த ரூமு. இருவது பேருக்கு டீ, பலகாரம்னு ஒனக்கு எதுக்குச் செலவுன்னு நெனச்சேன்."

"நெனச்சீக. கேட்டீகளா?" என்றாள் புஷ்பராணி. "எம் புருசன்தான போனாரு? நான் இருக்கேன்ல? புதுசா டம்ளர் செட்டு வாங்கி அட்டைகூடப் பிரிக்காம வச்சிருந்தேன். இன்னைக்கு நம்ம வீடுன்னு தெருவெல்லாம் சொல்லிட்டு வந்தா எம் மக. சாயங்காலம் பாட்டுச் சத்தம் பக்கத்து வீட்டுலேருந்து கேக்குது."

பதில் சொல்ல நான் வாயெடுத்தேன். இன்னாசியம்மாள் கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். என்னை அப்படி நிறுத்தியவர்கள் குறைவு.

"கேக்கல," என்றாள். "கேட்டிருக்கணும். இப்பக் கேக்குறேன். வர்ற வெள்ளி ஒன் வீட்டுல வச்சுக்கிருவமா?"

புஷ்பராணி துணியில் நூலைக் கடித்து அறுத்தாள். கதவைச் சாத்தவில்லை.

வெள்ளிக்கிழமை போனபோது பாய் விரித்திருந்தது. அடுப்பில் டீ கொதித்தது. ஆள் நிறைந்து, மிஷினுக்கு அடியில்கூட ஒரு பிள்ளை. நான் உட்கார்ந்ததில் ஒரு மூலை தீர்ந்தது. ஜெபம் தொடங்கப் போகிற நேரத்தில் அற்புதம் வந்து வாசலில் நின்றாள். ஒரு செருப்பைக் கழற்றியிருந்தாள், இன்னொன்று காலில் இருந்தது. உள்ளே கால் வைக்க இடமில்லை. புஷ்பராணி வாசலைப் பார்த்தாள், பிறகு இன்னாசியம்மாளைப் பார்த்தாள்.

"என் வீடு இல்லடி இது," என்றாள் இன்னாசியம்மாள் மெதுவாக. "நீதான் சொல்லணும்."

"வரச் சொல்லுங்க," என்றாள் புஷ்பராணி.

இன்னாசியம்மாள் முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, சுவரோடு சுவராக ஒட்டி, பக்கத்தில் கிடைத்த ஒரு சாண் தரையைக் கையால் தட்டினாள்.