பரம்பரை டெஸ்ட்

சுங்கை பினாங்கிலிருந்து எங்கள் மருத்துவமனைக்குத் தொழிற்சாலைச் சீருடையிலேயே வருவார் அந்த அக்கா. கழுத்தில் தைராய்டுக் கட்டி தெரியாதபடி காலரை இழுத்து இழுத்து விட்டுக்கொள்வார்.

கட்டியில் ஊசி குத்தி எடுத்துப் பார்த்தும் புற்றுநோயா, இல்லையா என்று உறுதியாகவில்லை. அதன் மரபணுவைச் சோதித்தால் அறுவை தேவையா என்று தெரிந்துவிடலாம் என டாக்டர் ஆங்கிலத்தில் சொன்னார். தாதியான நான் அதைத் தமிழில் "பரம்பரை டெஸ்ட்" என்றேன்.

"வேணாம் மிஸி. மகளுக்கு மாப்பிள்ளை பாக்குறோம். குடும்பத்துக்கே நோயின்னு பேசுவாங்க லா. அறுத்து எடுத்துறச் சொல்லுங்க."

அது கட்டியை மட்டும் பார்க்கும் சோதனை என்று நான் விளக்கவில்லை. வெளியே வரிசை நீண்டிருந்தது.

தைராய்டை முழுதாக எடுத்தார்கள். கட்டியில் புற்றுநோய் இல்லை. இனி ஆயுளுக்கும் மாத்திரை.

தையல் பிரிக்க வந்தவர், காலரைத் தழும்பின் மேல் இழுத்துக்கொண்டே, "நீங்க தமிழ்ல சொன்னதாலதான் மிஸி எனக்குப் புரிஞ்சுச்சு" என்றார்.