ராணியின் கம்மலுக்கு ஒரு பின்பாயிண்டர்

நான் பேருந்து ஓட்டும் இந்த இங்கிலாந்துச் சிற்றூரில் விசித்திரமான கடை ஒன்று உண்டு. உள்ளே போனால், கடைக்காரர் நம்மைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, மண் நிரப்பிய தொட்டிக்குள் ஒரு காசைப் புதைத்துவைப்பார். பிறகு கையில் ஒரு கருவியைக் கொடுத்து, தேடி எடுக்கச் சொல்வார். பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூட அந்தத் தொட்டிமுன் மண்டியிட்டுத் துழாவி, காசு கிடைத்ததும் குழந்தைகளைப் போலச் சிரிப்பார்கள். புதைத்தவரே பக்கத்தில் நிற்கும்போது இதில் என்ன சந்தோஷம் என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. இந்த ஈஸ்டருக்குச் சில வாரங்கள் முன்பு நானும் அந்தத் தொட்டிமுன் மண்டியிட்டேன்.

மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு வயல்களில் அலைவது இங்கே பலருக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. எங்கள் டிப்போவில் ஓய்வுபெற்ற பீட்டர்தான் என்னை இதில் இழுத்துவிட்டார். பெரிய கருவி, 'இங்கே ஏதோ இருக்கிறது' என்று மட்டும்தான் சொல்லும். தோண்டி மண்ணை வெளியே போட்ட பிறகு, நகக்கண் அளவுப் பொருள் எந்தக் கட்டிக்குள் இருக்கிறது என்று காட்ட, கேரட் அளவில் ஒரு கைக்கருவி வேண்டும். அதன் பெயர் பின்பாயிண்டர். நான் அது இல்லாமல், விரலால் மண்ணைப் பிசைந்தே காலம் தள்ளிவந்தேன்.

முதன்முதலில் பீட்டருடன் போன வயல் இன்னும் நினைவிருக்கிறது. வயலின் சொந்தக்காரரிடம் பீட்டர் முன்பே அனுமதி வாங்கியிருந்தார். வேலிக் கதவைத் திறந்துவிட்டு அந்த விவசாயி காத்துக்கொண்டு நின்றார். நான் குனிந்து ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். அறுத்த கோதுமைத் தாள் உள்ளங்காலில் குத்தியது. அவர் திகைத்துப்போய், மிகுந்த மரியாதையோடு, "இது உங்கள் மத வழக்கமா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். எங்கள் மதத்தில் அப்படி எதுவும் இல்லை. செய்யூர்ப் பக்கத்தில் நாங்கள் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் வேலை செய்தவர்கள். பெரிய வீட்டு வரப்பில் ஏறும்போது என் அப்பா செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொள்வார். அவர் பின்னால் நடந்தே நான் நடை பழகினேன். இதையெல்லாம் அந்த மனிதருக்கு எந்த ஆங்கிலத்தில் சொல்வது?

அதே பெரிய வீட்டு நிலத்தில் நாற்பது சென்ட்டை என் தம்பி யேசுதாஸ் மூன்று வருடங்களுக்கு முன் வாங்கினான். அவனுக்குப் புதுப்பட்டினத்தில் வெல்டிங் பட்டறை. அவன் மனைவி ராணி வளையல், சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிக் கொடுத்தாள். அவள் அம்மா போட்ட கம்மல் மட்டும் காதில் மிஞ்சியது. இந்த அறுவடையில் வேர்க்கடலை பிடுங்கி, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து காய் ஆய்ந்த அன்று சாயங்காலம் பார்த்தால் ஒரு காது வெறுமையாக இருந்திருக்கிறது. மூன்று நாள் மண்ணைச் சலித்தும் கிடைக்கவில்லை. போனில் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். "மீதி இருந்ததையும் நெலமே வாங்கிக்கிச்சி மாமா." சிரிப்பு பாதியில் நின்றது. கடலைக் கொடியை மாட்டுக்குப் போடாமல் அப்படியே வைக்கச் சொன்னேன். ஈஸ்டருக்கு நான் ஊருக்குப் போவதாக இருந்தது.

கடையில் புதைக்கக் காசு வேண்டாம் என்று சொல்லி, என் மனைவியின் கம்மல் ஒன்றைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினேன். கடைக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "மன்னிக்கவும், நாங்கள் தங்கம் வாங்குவதில்லை" என்றார். விற்க வரவில்லை, இதைப் புதையுங்கள் என்று விளக்குவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. விலை குறைந்த கருவி காசுக்குக் கத்தியது. கம்மலுக்கு வாயே திறக்கவில்லை. இரண்டாவது கருவி கம்மலைக் கண்டுபிடித்தது, ஆனால் ஒலிபெருக்கி வைத்ததுபோல அலறியது. மூன்றாவதில் ஒலியை நிறுத்திவிட்டு அதிர்வு மட்டும் வைத்துக்கொள்ளலாம். கம்மலுக்கு இரண்டு விரற்கடை தூரத்திலேயே கைக்குள் வண்டுபோலத் துடித்தது. விலை அதிகம்தான். ஆனாலும் அதையே எடுத்தேன். நீரில் கழுவலாம் என்பதால் எடுத்தேன் என்று பீட்டரிடம் சொன்னேன். உண்மையான காரணம் வேறு. அது சத்தம் போடாது. ஊரில் யாருக்கும் தெரியாமல் தேடலாம்.

ஊருக்குப் பெரிய டிடெக்டரை எடுத்துப்போகவில்லை. கல்பாக்கம் அணுமின் நிலையம், சதுரங்கப்பட்டினக் கோட்டை என்று சுற்றிலும் காவல் உள்ள பகுதியில் அதைத் தூக்கிக்கொண்டு திரிந்தால் யாருக்குப் பதில் சொல்வது? இரண்டு விரற்கடை தூரம் மட்டுமே உணரும் கருவியால் நாற்பது சென்ட்டைத் தேட முடியாது. அதனால் ராணி உட்கார்ந்திருந்த மரத்தடியையும் கொடிப் போரையும் மட்டும் நான், யேசுதாஸ், ராணி மூவரும் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொண்டோம். முதல் நாள் பாக்கு உறையின் ஈயத்தாள், ஆணி, பாதி பிளேடு எல்லாம் கிடைத்தன. மறுநாள் காலை, வரப்போரம் ஒரு பைக் வந்து நின்றது. நிலத்தை விற்ற பெரிய வீட்டின் மகன் மனோகர். பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவர்.

"இன்னா சாமுவேலு, பொதையல் எடுக்க லண்டன்லேர்ந்து மிஷின் கொண்டாந்துகீறியாமே? ஊரே பேசிக்கினு கீது."

நான் சட்டென்று எழுந்து நின்றேன். கருவியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். என் செருப்பு மரத்தடியில் கிடந்தது. அதை எப்போது கழற்றினேன் என்று எனக்கே தெரியவில்லை.

"யாரைக் கேட்டு நோண்டுற?" என்றார் அவர். குரலில் கோபம்கூட இல்லை, பழக்கம்தான்.

கொடிப் போருக்கு அந்தப் பக்கமிருந்து ராணி தலையை நிமிர்த்தினாள். "என்னக் கேட்டுதான். பட்டா என் பேர்ல கீது." பிறகு என் பக்கம் திரும்பினாள். "அத்த இன்னாத்துக்கு மாமா ஒளிக்கிற? சத்தத்த வையி. நாம இன்னா திருட்டு வேலையா செய்யிறோம்?"

என் கட்டைவிரல் பொத்தானைத் தேடியது. ஒலியை இயக்கியதும் கருவி ஒருமுறை உரக்கக் கூவியது. மரத்திலிருந்து இரண்டு மைனாக்கள் பறந்தன. மனோகர் பைக்கிலிருந்து இறங்கி வந்து, மோதிரம் போட்ட விரலை நீட்டி, "இதுக்குக் கத்துமா?" என்று கேட்டார். கத்தியது. யேசுதாஸ்தான் முதலில் சிரித்தான். மனோகரும் சிரித்தார். "கெடச்சா சொல்லுங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் 'ங்க' போட்டது ராணிக்கா எனக்கா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வெயில் ஏறுவதற்குள் கம்மல் கிடைத்தது. ஒரு செடியின் வேரைப் பிடித்திருந்த மண்கட்டிக்குள், தண்டு வளைந்து, மண் நிறத்தில் இருந்தது. கருவி விடாமல் கத்த, நான் கட்டியை அப்படியே ராணியின் கையில் வைத்தேன். அவளே உடைத்தாள். குடத்துத் தண்ணீரில் கழுவி, வளைந்த தண்டைப் பல்லால் நிமிர்த்தி, அங்கேயே போட்டுக்கொண்டாள். பிறகு, காயாத கண்ணோடு, "இது போதும் மாமா, வா, வூட்டுக்குப் போய் நாஸ்தா துன்னலாம்" என்றாள். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வரப்பில் நடந்தேன். பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. கால் மட்டும் கொஞ்சம் கூசியது.

கிளம்பும்போது பின்பாயிண்டரைப் பெட்டியில் வைக்கப் போனேன். ராணி விடவில்லை. பக்கத்துத் தெருவில் ஒருத்தி கொலுசுத் திருகைத் தேடிக்கொண்டிருந்தாள். சதுரங்கப்பட்டினத்திலிருந்து ஒருவர் வலைக் குவியலுக்குள் தூண்டில் முள் கிடக்கிறது என்று சொல்லி, கருவியைக் கேட்டு அனுப்பியிருந்தார். அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

போன ஞாயிறு பீட்டருடன் வயலில் இருந்தேன். டிடெக்டர் ஏதோ சொன்னது; தோண்டினேன். புதுப் பழக்கத்தில் பின்பாயிண்டரைத் தேடிக் கை இடுப்புக்குப் போய், ஒன்றும் இல்லாமல் திரும்பியது. அப்போது ராணி ஒரு வீடியோ அனுப்பினாள். யார் வீட்டு முற்றமோ தெரியவில்லை, பெண்கள் சிலர் குனிந்து நிற்க, நடுவில் அந்தக் கருவி கூவிக்கொண்டிருந்தது. ஒரு காதில் டிடெக்டரின் ஹெட்போனை வைத்தபடி, இன்னொரு காதில் போனை வைத்துக் கேட்டேன். வலது காதில் இந்த வயல் முனகியது, இடது காதில் எங்கள் ஊர் கத்தியது. நான் மண்டியிட்டபடியே, ஈரக் களிமண்ணை விரல்களால் பிசைந்துகொண்டிருந்தேன்.