யாருடைய ஐந்து மணி

நான் குடியிருக்கும் த்ரீ கிங்ஸ் பகுதிக் கடையில் காய்கறி பொறுக்கிக்கொண்டிருந்தபோது கைபேசியில் சிவபாதம் அண்ணனின் பெயர் வந்தது. "என்ன அண்ணே, இன்னைக்கு லீவா?" என்றேன். பேசியது அவர் மனைவி. "தம்பி, இவர் விடிய எங்களை விட்டிட்டுப் போட்டார்." அவர் எண்ணை இன்னும் நான் அழிக்கவில்லை. மனம் வரவில்லை.

நாங்கள் பிழைக்க வந்த இந்த வெளிநாட்டில், மனுகாவ் பகுதியிலிருந்த எங்கள் சரக்குக் கிடங்கில் வேலை பார்த்தவர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவார், சாப்பாட்டு நேரத்தில் உலக அரசியல் பேசுவார். ஜார்ஜியாவிலிருந்து பிரிந்த தெற்கு ஒசேத்தியாவை ரஷ்யா தனிநாடாக ஏற்றதைப் பற்றி ஒருமுறை பேச்சு வந்தது. "அவங்களுக்கு ஒரு பெரிய நாடு துணைக்கு நிக்குது. நமக்கு யாரு நின்னா?" என்று வாயை விட்டேன். எதிரில் எங்களோடு வேலை பார்த்த ஜார்ஜியப் பெண் நீனோ உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தமிழ் புரியாதது என் நல்ல காலம். அண்ணன் சாப்பாட்டு டப்பாவை மூடினார். "துணைக்கு வாறவன் தன்ர மணிக்கூட்டையும் கொண்டுதான் வருவான், தம்பி."

கடிகாரம் எதற்கு இதில் வந்தது என்று அன்று எனக்கு விளங்கவில்லை. நீனோவின் அம்மா அந்தப் பிரிவுக்கோட்டின் ஓரத்துக் கிராமம் ஒன்றில் தனியாக இருந்தார். அங்கே ரஷ்யப் படையின் முள்வேலி சத்தமில்லாமல் நகரும். காலையில் எழுந்து பார்த்தால் பக்கத்து வீட்டுத் தோட்டம் அந்தப் பக்கம் போயிருக்கும். அம்மாவின் கைபேசி திடீரென்று சுவர்க்கடிகாரத்தைவிட ஒரு மணி நேரம் பின்னால் காட்டுகிறதாம் என்று நீனோ ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அண்ணன் சிரிக்கவில்லை. அது மாஸ்கோ நேரம், அவர்களுடைய கைபேசிக் கோபுரம் அம்மாவின் போனைப் பிடித்துவிட்டது, உடனே கிளம்பச் சொல் என்றார். கறக்கிற மாட்டை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று அம்மா மறுத்துவிட்டார்.

அன்று வீடு திரும்பும்போது காரில் அண்ணன் சொன்னார். "சண்டை நேரம் எங்கட நாட்டு அரசாங்கம் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் முன்னுக்கு வைச்சுது. இயக்கத்தின்ர கையில இருந்த வன்னியில மாத்தேல்லை. நான் இங்கால வவுனியாவில, ஆமிப் பக்கம். அப்பா உள்ளுக்க, வன்னியில. அஞ்சு மணிக்குச் சோதனைச் சாவடிக்கு வாங்கோ எண்டு சொல்லி அனுப்பினன். யாற்ற அஞ்சு மணி எண்டு சொல்லேல்லை."

நான் ரேடியோவை அணைத்தேன்.

"அப்பா சரியாத்தான் வந்தவர், தன்ர நேரத்துக்கு. அதுக்குள்ள கேற்றைப் பூட்டிப் போட்டாங்கள். அங்கால நிண்டு கை காட்டினவர். அடுத்த நாள் பாதையை மூடினது. பிறகு நான் அவரைக் காணேல்லை."

மறுநாள் நீனோவின் கைபேசியில், அவள் மொழிபெயர்க்க, இதையே அந்த அம்மாவிடம் சொன்னார். அம்மா மாட்டையும் ஓட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். கொஞ்ச நாளில் வேலி அவர் விட்டுவந்த வீட்டைத் தாண்டி வந்து நின்றது.

ஆனால் அந்த வீட்டுத் தொலைபேசிக் கம்பியை யாரும் அறுக்கவில்லை. மணியோசையாவது கேட்கட்டும் என்று ஒரு மாலை, கிடங்குக்கு வெளியே நின்று நீனோ அழைத்தாள். யாரோ எடுத்தார்கள். பேச்சு இல்லை. மூச்சுச் சத்தம், அதற்குப் பின்னால் அம்மாவின் சுவர்க்கடிகாரம். நீனோ கைபேசியை என் காதிலும் வைத்தாள். அதன்பிறகு அடிக்கடி அழைத்தாள். அவள் திட்டத் திட்ட அந்த மூச்சு கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தப் பக்கம் ஒருநாளும் முதலில் போனை வைத்ததில்லை.

"ஆரோ ஒரு சின்னப் பெடியன், ஆமியில," என்றார் அண்ணன். "அவனையும் ஆரோ கொண்டுவந்து விட்டிருக்கினம். சாப்பிட்டியோ எண்டு கேக்கச் சொல்லு." நான் ஆங்கிலத்தில் சொன்னேன். நீனோ முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கும்கூட அவர் மேல் கோபம் வந்தது.

அவருடைய இறுதிச் சடங்குக்கு நீனோ வந்திருந்தாள். மாலையில் மண்டபத்துக்கு வெளியே வந்ததும் அந்த எண்ணை அழைத்தாள். மூச்சு வந்தது. ரஷ்ய மொழியில், அண்ணன் கேட்கச் சொன்ன அந்த ஒரே கேள்வியைக் கேட்டாள். வெகுநேரம் கடிகாரம் மட்டும் கேட்டது. பிறகு ஓர் இளம் குரல், முதல்முறையாக, ஒரு சொல் சொன்னது.

"என்ன சொல்றான்?" என்று கேட்டேன்.

இல்லை என்கிறான் என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, சமையலறைத் தரைப்பலகைக்கு அடியில் அம்மா விட்டுவந்த உருளைக்கிழங்கு இருக்கும் இடத்தை அவனுக்குச் சொல்லத் தொடங்கினாள்.

அந்தக் கேள்வியைத்தான் அண்ணனிடமிருந்து நான் எனக்கென்று வைத்திருக்கிறேன். ஆகாதவர்களிடம் அதைக் கேட்க இன்னும் பயமாகவே இருக்கிறது. இல்லை என்று பதில் வந்துவிட்டால், போனை வைக்க முடியாது.