மேரேஜ் மெயிலெல்லாம் குப்பைக்குப் போன கதை

கல்யாணத்துக்குப் பட்டு வேட்டி நெய்யறதுதான் என் பொழப்பு. 'மேரேஜ்'னு எழுதி வர்ற மெயிலையெல்லாம் குப்பைக்கு அனுப்புனவனும் நானேதானுங்க.

எங்க ஊரு வெண்ணந்தூரு. பொண்ணுக்கு வரன் அமைஞ்சு கல்யாணமே முடிஞ்சுது. ஆனாலும் வரன் பாக்குற சைட்டுக்காரன் தெனமும் மெயில் போட்டுட்டே இருந்தான். கடுப்புல, 'மேரேஜ்'ங்கற வார்த்தை இருந்தா நேரா குப்பைக்குப் போகட்டும்னு ரூல் போட்டுட்டேன். இன்பாக்ஸ் பளிச்சுன்னு ஆச்சு. ஊட்டுக்காரிகிட்டப் பெருமை வேற அடிச்சேன். அதோட மெயில்ல வர்ற வேட்டி ஆர்டரும் நின்னுபோச்சு. சீசன் டல்லுன்னு நெனச்சுக்கிட்டேன்.

ஒருநாள் அயோத்தியாப்பட்டணத்துல இருந்து ஒரு அம்மா பஸ் ஏறியே வந்துட்டாங்க. "நாலு மெயில் போட்டேன், பதிலே இல்லீங்களே! இன்னும் அஞ்சு நாள்ல பையனுக்கு முகூர்த்தம். அவங்கப்பா கட்டுன மாதிரியே மயில்கழுத்து பார்டர் வேணும்."

குப்பையைத் தொறந்து பாத்தேன். 'பையன் மேரேஜுக்கு'ன்னு அவங்க எழுதுன நாலும் இருந்துச்சு, கூடவே இன்னும் பதினேழு பேரோடதும். மூஞ்சியை எங்க வெக்கறதுன்னு தெரியல. திட்டுவாங்கன்னு பாத்தா, அந்தம்மா சிரிச்சுட்டே சேரை இழுத்துப் போட்டு, "மொதல்ல அந்த ரூலை எடுங்க"ன்னாங்க. பதினேழு பேருக்கும் பதில் போடற வரைக்கும் கூடவே ஒக்காந்திருந்தாங்க.

நானும் ஊட்டுக்காரியும் மாத்தி மாத்தித் தறியில ஒக்காந்து, நாலாம் நாள் வேட்டியை முடிச்சு நானே கொண்டுபோய்க் குடுத்தேன். மறுநாள் கல்யாணத்துல மாப்பிள்ளை அதைக் கட்டிக்கிட்டு மணவறையில ஒக்காந்தப்ப, மனசு அப்படி நெறஞ்சு போச்சுங்க. தொல்லைன்னு ஒதுக்குன எடத்துலதான் என் சோறே இருந்திருக்குது.

சாப்பிடறப்ப அந்தம்மா பக்கத்துல வந்து சொன்னாங்க: "வேட்டி அருமைங்க. கம்ப்யூட்டரை மட்டும் உங்க வீட்டம்மா கையில குடுத்துருங்க."