வாளியோடு வந்த வீட்டுக்காரம்மா

புதுவீட்டில் குறை கண்டுபிடித்துச் சொல்வது என் தொழில் என்பதால், ராஜபாளையம் வட்டாரத்தில் எந்தக் காண்ட்ராக்டரும் எனக்கு டீ வாங்கிக் கொடுப்பதில்லை. வீடு கட்டி நொந்துபோன அன்பர்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம். சேத்தூரில் பட்டாளத்துக்காரர் பாண்டி கட்டிய வீட்டில் நான் பட்ட பாட்டை மட்டும் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை பால்காய்ப்பு, ஞாயிறன்று அவருக்கு லீவு முடிகிறது.

உருண்ட கோலி

குளியலறைத் தரையில் ஒரு கோலிக்குண்டை வைத்தேன். அது தண்ணீர் போகும் ஓட்டைப் பக்கம் உருள வேண்டும். அதுவோ வாசலைத் தாண்டி, ஹாலைக் கடந்து, பூஜையறையில் போய் நின்றது. காண்ட்ராக்டர் முருகேசன் அசரவில்லை.

"தண்ணி உள்ள நிக்கக் கூடாதுன்னு சொன்னிய. நிக்கலல்லா?"

ஏழு திருஷ்டி பொம்மைகள்

வாசலில் ஒரு திருஷ்டி பொம்மை இருந்தால் சரி. இங்கே படுக்கையறை, சமையலறை, மாடிப்படி என்று ஏழு பொம்மைகள் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்றைக் கழற்றினேன். பின்னால் விரல் நுழைகிற விரிசல். எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன.

"ஊர்க்கண்ணு பட்டு வெடிச்சிருக்கு சார். பொம்மை மட்டும் இல்லைன்னா சுவரே விழுந்திருக்கும்!" என்றார் முருகேசன்.

சனிக்கிழமைக் குளியல்

விரிசல்களைப் பூசிவிட்ட முருகேசன், குளியலறைத் தரையை உடைக்க மட்டும் பிடி கொடுக்கவில்லை. "பால்காய்ப்பு முடியட்டும்" என்றார். முடிந்தது. "கொஞ்ச நாள் போகட்டும்" என்றார். பாண்டியின் முகம் வாடிவிட்டது. "நான் ரயிலேறிட்டா இந்தாளு போனையே எடுக்க மாட்டாரு சார். பிள்ளைகள வச்சுக்கிட்டு அவ தனியா என்ன செய்வா?" என்றார். பார்க்கப் பாவமாக இருந்தது.

அவர் மனைவி செல்வி சனிக்கிழமை காலை வாளி, துண்டு, இரண்டு பிள்ளைகளோடு ஆட்டோவில் ஏறி, முருகேசன் வீட்டு வாசலில் போய் இறங்கினார். சாட்சிக்கு நானும் பைக்கில் பின்னாலேயே போனேன். முருகேசனின் மனைவி கதவைத் திறந்தார்.

"எங்க குளியலறை சரியாகுத வரைக்கும் தெனமும் இங்கதான் குளிப்போம்க்கா. வெந்நி போட்டுருங்க, சின்னவனுக்குப் பச்சத்தண்ணி ஆகாது."

அன்று மதியமே தரையை உடைத்து ஞாயிறு காலைக்குள் சரிசெய்துவிட்டார்கள் என்பதால், இப்போதெல்லாம் நான் பன்னிரண்டு பக்கம் அறிக்கை எழுதுவதைக் குறைத்துக்கொண்டு, காண்ட்ராக்டரின் வீட்டு விலாசத்தைத்தான் முதலில் விசாரித்து வைத்துக்கொள்கிறேன்.