புளியந்திட்டின் இரண்டு வாசல்கள்

பையன்களுக்காக நான் வரைந்த தாலுகா படத்தில் சேர்மாதேவிக்கு மேற்கே விரற்கடை அகலத்துக்கு ஒரு வெற்றிடம். பாளையங்கோட்டையில் பூகோளம் சொல்லிக்கொடுக்கிறவனுக்கு அது பல்லிடுக்கில் சிக்கிய நார் மாதிரி. பொங்கல் விடுமுறை வந்ததும் கிளம்பிவிட்டேன்.

காலை ஏழு மணிக்குத் திருநெல்வேலியில் ரயில் ஏறி, எட்டேகாலுக்குச் சேர்மாதேவியில் இறங்கினேன். அங்கிருந்து மாட்டுவண்டிக்கு ஆறணா. நாலு மைல் போக இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதில் பாதி, வண்டிக்காரர் மாசானம் மாடுகளோடு பேசியதில் போனது.

"புளியந்திட்டுக்கா? அங்கன எந்த வாசலுக்குப் போணும் ஐயா?" என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை.

போனதும் விளங்கியது. ஆற்றுக்கும் கால்வாய்க்கும் நடுவே ஒரு மேடு. எப்போதோ வெள்ளத்துக்குப் பயந்து ஏறிய மூன்று குடும்பங்கள் பிறகு இறங்கவே இல்லையாம். இப்போது பதினெட்டு வீடுகள். கிழக்கே கிழக்கூர், மேற்கே மேலூர். இது இரண்டிலும் சேராது. ஒவ்வொரு வீட்டுக்கும் கிழக்கில் ஒரு வாசல், மேற்கில் ஒரு வாசல். கால்வாய் தூர்வார ஆள் கேட்டுக் கிழக்கூர்த் தலையாரி வந்தால், கிழக்குக் கதவைச் சாத்திக்கொண்டு "நாங்க மேலூரு" என்பார்கள். மேலூர்த் தலையாரி வந்தால் மேற்குக் கதவு சாத்தப்படும். இந்தக் கெட்டிக்காரத்தனத்தைக் கேட்டு நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

"சிரிக்காதிய ஐயா" என்றாள், ஒரு வீட்டு வாசலில் நின்ற பேச்சியம்மாள். இடுப்பில் எட்டு மாதக் குழந்தை. "போன வருசம் அம்மை குத்துதவரு ரெண்டு ஊருக்கும் வந்தாரு. ரெண்டு ஊரு ஏட்டுலயும் எங்க பேரு இல்ல. மூத்தவள அம்மைக்குக் குடுத்துட்டேன்."

வெட்கத்தில் எனக்குத் தலை நிமிரவில்லை. மறுநாள் காலையில் அம்மை குத்துகிறவர் மறுபடியும் மேலூருக்கு வருகிறாராம். இந்தக் குழந்தைக்காவது குத்தியாக வேண்டும். ஒரு மனு எழுதிக்கொண்டு அவளோடு அரை மைல் நடந்து மேலூர்க் கிராம முன்சீப்பைப் பார்த்தேன். அவர் அதைப் பிரிக்கக்கூட இல்லை.

"இவ பேர ஏட்டுல எழுதச் சொல்லுதீரு. தூர்வார ஆள் கூப்பிட்டா, கிழக்கு வாசல்ல போய் நின்னுக்கிடுவா. எத நம்பி எழுத, வே?"

மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். பேச்சியம்மாள் அதற்குள் திரும்பி நடந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மண்ணைக் குழைத்தாள். பக்கத்து வீட்டுக்காரன் எட்டிப் பார்த்து, "கிறுக்கு பிடிச்சிருக்கா? இனி வருசா வருசம் மேலூர்க்காரன் தூர்வாரக் கூப்பிடுவாம்லா!" என்றான்.

"கூப்பிடட்டும். பிள்ளைய வச்சுக்கிட்டு போவேன்."

பொழுது சாய்வதற்குள் கிழக்கு வாசல் சுவராகிவிட்டது.

அன்று மாசானத்தின் வண்டியிலேயே படுத்துக்கொண்டேன். சுவர் எழுந்த சேதி கேட்டு, காலை எட்டு மணிக்கு முன்சீப்பே வந்தார். ஈர மண்ணை விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு பின்னால் பெட்டியோடு நின்றவரைக் கூப்பிட்டார். குழந்தை ஊருக்கே கேட்கிற மாதிரி அழுதது. பேச்சியம்மாளும் அழுதாள். பக்கத்து வீட்டுக்காரன் தானும் மண் குழைக்க மண்வெட்டி தேடிக்கொண்டிருந்தான்.

போக நினைக்கிறவர்கள் தை, மாசியில் போங்கள். மழைக்காலத்தில் கால்வாயில் இடுப்பளவு தண்ணீர் ஓடும். கட்டுச்சோறு எடுத்துக்கொள்ளுங்கள், கடை கிடையாது. என் படத்தில் அங்கே ஒரு புள்ளி வைத்துவிட்டேன். எந்த வாசல் என்று மாசானம் கேட்டால், பேச்சியம்மாள் வீட்டுக்கு ஒரே வாசல்தான் என்று சொல்லுங்கள்.